கடிதத்தின் கடைசி வரி
(கல்லூரி ஆங்கிலத் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலத் துறை அறக்கட்டளைப் பொழிவு என்றால் ஷேக்ஸ்பியர், மில்டன் என்று எடுப்பதுதான் முறை. நான் எடுத்துக்கொண்டது அலுவலக மின்னஞ்சலின் கடைசி வரி. ‘ப்ளீஸ் டூ நாட் ஹெசிடேட் டு கான்டாக்ட் மீ’. தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம். இதற்கு ஒரு பங்காளிக் கூட்டமே உண்டு. ‘ப்ளீஸ் ஃபீல் ஃப்ரீ’, ‘ஷுட் யூ ரிக்வயர் எனி ஃபர்தர் கிளாரிஃபிகேஷன்’, ‘டூ லெட் மீ நோ’, ‘ஹேப்பி டு ஹெல்ப்’. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் படிப்பு முடிந்தபின் மில்டனைத் திருப்பிப் பார்ப்பார்களோ இல்லையோ, இந்த வரியை வாரத்துக்குப் பத்து முறையாவது எழுதப்போகிறார்கள். அதனால் ஒரு மணி நேரம் அதற்குச் செலவழிப்பதில் குற்றமில்லை.

வங்கி, காப்பீட்டு நிறுவனம், மென்பொருள் கம்பெனி, நம் கல்லூரி அலுவலகம், எங்கிருந்து கடிதம் வந்தாலும் அந்த வரி கீழே இருக்கும். அதற்குக் கீழே தொலைபேசி எண் இருக்காது, அல்லது இருக்கும் எண்ணை எவரும் எடுக்கமாட்டார்கள். எழுதியவர் நினைத்து எழுதவில்லை, வாசிப்பவரும் கண்ணை ஓட்டுவதோடு சரி. ஆனால் இந்தச் சொற்றொடர்கள் வெறும் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. உதவி கேட்பவர் தன்னைச் சிறுமையாக நினைக்காமல் கேட்கவும், வேண்டாம் என்பவர் சங்கடமில்லாமல் மறுக்கவும் வழிவிடுவதற்கு ஏற்பட்ட கருவிகள் அவை. கருவியை நாம் முத்திரைக் கட்டையாக்கிவிட்டோம். என் கட்சி இதுதான்: யார், எதை, எப்போது செய்வார் என்று சொல்லாத மரியாதைத் தொடரைக் கடிதத்திலிருந்து அடித்துவிடலாம். ஒன்றும் குறைந்துபோகாது.

1978-இல் பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் பேச்சில் மரியாதை எப்படி இயங்குகிறது என்று நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 1987-இல் அது தனி நூலாக வந்து, இன்றுவரை இந்தத் துறையில் காலெடுத்து வைக்கிற எவரும் தாண்டிப்போக முடியாத நூலாக இருக்கிறது. அவர்கள் மூன்று மொழிகளிலிருந்து முக்கியமாகச் சான்று எடுத்தார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மாயர்கள் பேசும் செல்தால். மூன்றாவது, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழ். உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் ஒரு கொள்கைக்கு நம் கொங்குநாட்டுக் கிராமத்தார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர்கள் கொள்கையைச் சுருக்கிச் சொல்கிறேன். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955-லேயே ‘முகம்’ என்ற கருத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மனிதர் நாலு பேர் முன்னால் காப்பாற்றிக்கொள்ள விரும்பும் மானம் அது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், முகதாட்சணியத்துக்காகக் கையெழுத்துப் போட்டு ஜாமீன் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிரவுனும் லெவின்சனும் இந்த முகத்துக்கு இரண்டு ஆசைகள் உண்டு என்றார்கள். பிறர் என்னை விரும்ப வேண்டும் என்பது ஒன்று. என் வழியில் எவரும் குறுக்கே நிற்கக்கூடாது என்பது மற்றது. அவர்கள் கணக்கில், உதவி கேட்பது மட்டுமல்ல, உதவி தர முன்வருவதுகூட எதிராளியின் இரண்டாவது ஆசையைச் சீண்டும். ஏனென்றால் உதவியை ஏற்றுக்கொண்டால் கடன்பட்டவராகிவிடுகிறோம். ‘நான் செய்து தருகிறேன்’ என்று ஒருவர் வலிய வந்து நிற்கும்போது சற்றுப் பின்வாங்கத் தோன்றுவது இதனால்தான்.

அதனால் ஆங்கிலம் உதவியைக் கேள்வியாகவும் நிபந்தனையாகவும் நீட்டுகிறது. ‘வுட் இட் ஹெல்ப் இஃப் ஐ சென்ட் த ஃபிகர்ஸ்?’ புள்ளிவிவரங்களை அனுப்பினால் உதவியாக இருக்குமா? அனுப்புவதும் வேண்டாமென்பதும் உங்கள் கையில். ராபின் லேகாஃப் 1973-இல் மரியாதைக்கு வகுத்த விதிகளில் முதலிரண்டும் இவைதான்: திணிக்காதே, தேர்ந்துகொள்ள இடம் கொடு.

நம் வீட்டு வாசலில் நடப்பது வேறு. ‘வாங்க, உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.’ மூன்றும் ஏவல். ‘சாப்பிடுகிறீர்களா?’ என்று கேள்வியாகக் கேட்டால், சோறு இல்லையோ என்று விருந்தாளி சந்தேகப்படுவார், ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்று எழுந்துவிடுவார். வற்புறுத்துவதுதான் இங்கே அன்பு. போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அன்னா வீர்ஸ்பிட்ஸ்கா 1985-இல் இதையே தன் தாய்மொழியை வைத்து எழுதினார். போலிஷ் வீட்டு உபசாரத்தின் ஏவலும் வற்புறுத்தலும் ஆங்கிலக் காதுக்கு முரட்டுத்தனமாகப் படும், ஆங்கிலக் கேள்வி போலிஷ்காரருக்குப் பட்டும் படாமலும் தோன்றும் என்று காட்டினார். ஆக, இந்த விஷயத்தில் நாம் தனி மரமல்ல.

நம்மிடம் தயக்கத்தைக் காட்டும் இலக்கணம் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஆங்கிலேயர் ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று எழுதும்போது இறந்தகாலத்தை ஏன் கொண்டுவருகிறார்? யோசிப்பது இப்போது, வினையோ நேற்றையது. காலத்தைத் தள்ளிவைத்து ஆளையும் ஓரடி தள்ளி நிற்க வைக்கிறார். நாமும் ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்கிறோம். காபி குடித்து முடித்து, பையன் படிப்பு, மழை, தறி எல்லாம் விசாரித்து, செருப்பு மாட்டும்போது ‘ஒரு சின்ன உதவி’ வெளியே வரும். ‘டூ லெட் மீ நோ’ என்பதில் முன்னே நிற்கும் அந்தச் சின்ன ‘டூ’ இருக்கிறதே, அதை விளக்க ஆங்கில ஆசிரியர்கள் திணறுவார்கள். ‘சொல்லுங்கள்’ என்பதைச் ‘சொல்லுங்களேன்’ ஆக்கிப் பாருங்கள். கடைசியில் ஒட்டிய அந்த ‘ஏன்’ செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. நாம் பேச்சில் நேரம் எடுத்துக்கொண்டு செய்வதை ஆங்கிலக் கடிதம் வினைச்சொல்லுக்குள் வைத்து இரண்டு வரியில் முடிக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

பிறகு ஏன் நம் கடித ஆங்கிலம் மரத்துப்போய்க் கிடக்கிறது? அதற்குக் காரணம் தமிழல்ல, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கோட்டைக் குமாஸ்தா ஆங்கிலம். ‘ஐ ஹேவ் த ஆனர் டு பி, சர், யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்’ என்று முடியும் கடித மரபில் பழகிய கைகள், அதிகாரி போனபின்பும் அதையே எழுதின. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இங்கிலாந்து வணிகக் கடிதங்களில் ஒருகாலத்தில் நடமாடியதுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று தமிழிலும் குடியேறி நிலைத்துவிட்டது. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இன்றும் கடிதத்துக்கு ஒரு முடிப்பு, நேர்முகக் கடிதத்துக்கு வேறொரு முடிப்பு, குறிப்பாணைக்கு விளிப்பும் கிடையாது முடிப்பும் கிடையாது என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அரசுக்கு அந்த ஒழுங்கு வேண்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனியார் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதமான பெண், சக ஊழியருக்கு ‘ஃபார் யுவர் கைண்ட் பெருசல்’ என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இங்கிலாந்திலேயே இதை எதிர்த்துச் சண்டை நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ரேஷன், ஓய்வூதியம், வரி என்று அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுதத் தொடங்கிய காலம். கருவூலத் துறை, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரியிடம் ஊழியர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் நூலொன்றைக் கேட்டது. ‘ப்ளெயின் வேர்ட்ஸ்’ 1948-இல் வந்தது. 1954-இல் விரிந்த பதிப்பு. 2014-இல் அவருடைய கொள்ளுப் பேத்தி ரெபேக்கா கவர்ஸ் அதைத் திருத்திப் பதிப்பித்தார். அரசு அச்சகத்திலிருந்து வந்த கையேடு நான்காம் தலைமுறை வரை நிற்பது சாதாரணமல்ல. பதில் எழுதும்முன் கடிதம் எழுதியவரின் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்பது அந்த நூலின் சாரம். 1979-இல் கிறிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி தொடங்கிய எளிய ஆங்கில இயக்கம் இன்னும் ஒருபடி மேலே போய், நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கிழித்துப்போட்டது. நம்மூரில் எந்தப் படிவத்தை எந்தச் சதுக்கத்தில் கிழிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. கல்லூரி முதல்வர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மரியாதைத் தொடர் உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும்? இந்தியர் ஒருவர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தையே காட்டுகிறேன். 1930 மார்ச் 2 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தி, வைசிராய் இர்வினுக்கு எழுதியது. ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் அதைக் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். உப்புச் சத்தியாகிரகத்தின் முன்னறிவிப்பு என்பதால் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடித இலக்கணமாக அதைப் படிப்பவர்கள் குறைவு.

‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கவில்லை. ‘அன்பு நண்பரே’ என்று தொடங்கினார். முடிப்பில் பணிவான ஊழியன் இல்லை, உண்மையுள்ள நண்பன் இருந்தான். வைசிராய் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார், நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் ஆகிறது, இந்தியனின் சராசரி வருமானமோ நாளைக்கு இரண்டணாகூடத் தேறாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். காட்டிய கையோடு, இந்தச் சம்பளம் உங்களுக்குத் தேவைப்படாது என்றும் அது முழுவதும் தர்மத்துக்கே போகக்கூடும் என்றும் எழுதினார். அடி ஆட்சி முறைக்கு விழுகிறது, ஆளின் முகம் காப்பாற்றப்படுகிறது.

நம் தலைப்புக்குரிய வரி அதற்குப் பின் வருகிறது. என்னோடு பேசித் தீர்க்க நினைத்தால், அதற்காக இந்தக் கடிதத்தை வெளியிடாமல் தள்ளிவைக்க வேண்டுமென்று விரும்பினால், இது கைக்குக் கிடைத்தவுடன் ஒரு தந்தி கொடுங்கள், மகிழ்ச்சியோடு நிறுத்தி வைக்கிறேன் என்கிறார். ஆனால் கடிதத்தின் சாரத்தை ஏற்க முடிந்தாலன்றி என்னைத் திசைதிருப்ப வேண்டாம் என்றும் சேர்த்துவிடுகிறார். இரண்டு ‘இஃப்’, ஒரு ‘க்ளாட்லி’. இலக்கணப்படி பார்த்தால் இதுவும் ‘தயங்க வேண்டாம்’ கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆனால் இதில் எல்லாம் இருக்கிறது. நான் என்ன செய்வேன்: வெளியீட்டை நிறுத்துவேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும்: தந்தி. எப்போது: உடனே. எது வரைக்கும்: சாரத்தை ஏற்றால் மட்டும். ஒரு பேரரசோடு மோதப்போகிறவர் இவ்வளவு துல்லியமாக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

பதில் வைசிராயிடமிருந்து வரவில்லை. தனிச் செயலர் சில வரி எழுதினார். சட்டமீறலுக்கும் பொது அமைதிக்குக் கேடு விளைவதற்கும் இடமளிக்கும் காரியத்தில் காந்தி இறங்க எண்ணுவதை அறிந்து வைசிராய் வருந்துகிறார் என்பது அதன் பொருள். அதுவும் மரியாதையான ஆங்கிலம்தான், ஒரு சொல்கூடத் தப்பில்லை. கதவு மட்டும் சாத்தியிருந்தது. மார்ச் 12-ஆம் தேதி நடைப்பயணம் தொடங்கிவிட்டது.

இவ்வளவு உயரத்திலிருந்து திருப்பூருக்கு இறங்குவோம். பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரைவிட அதிகமாக இந்தத் தொடர்களைப் புழங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார்கள். லண்டனில் இருந்து துணி வாங்கும் பையருக்கு லேப் டிப் என்ற சாய மாதிரி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்ட நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று சாயத் துண்டுகள். பையர் எழுதுகிறார்: ‘பி இஸ் நியர்லி தேர், பட் வி வொண்டர் இஃப் இட் குட் பி எ டச் ரெடர்.’ கொஞ்சம் சிவப்பு ஏறினால் நன்றாயிருக்குமோ என்று யோசிக்கிறாராம். புதிதாகச் சேர்ந்த பையன் அதை யோசனையாகவே எடுத்துக்கொள்வான், ‘பி ஓகே’ என்று சாயப்பட்டறைக்குச் சொல்லிவிடுவான். அது யோசனையல்ல. பி நிராகரிக்கப்பட்டது, திருத்தி அனுப்பு என்று பொருள். அனுபவசாலி மெர்ச்சண்டைசர் இதைப் பார்த்தவுடன் பட்டறைக்குப் போன் போடுவார்.

இப்போது பதில் எழுத வேண்டும். வழக்கமான பதில் இப்படி இருக்கும்: ‘நோட்டட் யுவர் கமெண்ட்ஸ். வில் டூ த நீட்ஃபுல். ப்ளீஸ் ஃபீல் ஃப்ரீ டு கான்டாக்ட் அஸ் ஃபார் எனி ஃபர்தர் கிளாரிஃபிகேஷன்ஸ்.’ மூன்று வாக்கியம், தகவல் பூஜ்யம். எதைக் குறித்துக்கொண்டார், எதைச் செய்வார், எந்த விளக்கத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்? பையர் மறுநாள் இன்னொரு மெயில் போடுவார்.

நான் எழுதினால், பி-யைச் சிவப்பு ஏற்றி மறுபடி சாயமிட்டு வியாழக்கிழமை கூரியரில் அனுப்புகிறோம் என்பேன். நிறப் பொருத்தத்தைக் கடை வெளிச்சத்தில் பார்ப்பதா பகல் வெளிச்சத்தில் பார்ப்பதா என்று சொன்னால் நல்லது என்பேன். பேசித் தீர்ப்பது எளிது என்று தோன்றினால் உங்கள் காலை பத்து மணிக்கு நான் போனில் கிடைப்பேன் என்று முடிப்பேன். அவர்கள் காலை பத்து நமக்குக் கோடையில் பிற்பகல் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. கடிகாரத்தை அவர் கணக்கில் எழுதியதே அதில் உள்ள மரியாதை. ‘கைண்ட்லி’ ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அந்தச் சொல்லைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: நம் காதுக்கு அது பணிவு. இங்கிலாந்துக்காரர் பெரும்பாலும் கோபத்தில் இருக்கும்போதுதான் அதை ஏவலோடு சேர்ப்பார்.

இனி விளக்கம் கேட்பதும் கொடுப்பதும். இதில் நம்மவர்கள் முதலில் விழும் குழி ‘ஐ ஹேவ் எ டவுட்’. நமக்குச் சந்தேகம் என்றால் புரியாதது, வகுப்பில் கைதூக்கிக் கேட்பது. பிரிட்டிஷ் வாசகருக்கு அது ‘நீ சொல்வதை நான் நம்பவில்லை’ என்ற சாயலில் போய்ச் சேரும். ‘க்வெஸ்டியன்’ என்று எழுதினால் முடிந்தது. ‘ப்ளீஸ் ரிவெர்ட்’ இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் செல்லும், மற்ற ஊர்களில் எதற்குத் திரும்பிப் போகச் சொல்கிறார் என்று விழிப்பார்கள்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய விஷயம், புரியாமல் போனதன் பழி யார் தலையில் விழுகிறது என்பது. ‘ஹோப் யூ அண்டர்ஸ்டுட்’ என்றால் புரியாதது உன் மூளைக் கோளாறு. ‘லெட் மீ நோ இஃப் எனி ஆஃப் திஸ் இஸ் அன்கிளியர்’ என்றால் குறை என் எழுத்தில் இருக்கலாம். ‘ஆஸ் ஆல்ரெடி மென்ஷன்ட்’, ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ என்று தொடங்கும் கடிதங்கள் விளக்கம் தருவதுபோல் காதைத் திருகுகின்றன. ஏற்கெனவே சொன்னது புரிந்திருந்தால் எதிராளி ஏன் மறுபடி கேட்கப்போகிறார்? சொன்னதையே சொல்லாமல் வேறு வழியில் சொல்வதுதான் விளக்கம். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ‘புரிஞ்சுதா?’ என்று நாம் கேட்டு வகுப்பு முழுக்கத் தலையாட்டாத நாள் உண்டா?

இப்போது இயந்திரமே இந்தத் தொடர்களை எழுதித் தருகிறது. கூகுள் 2015-இல் மின்னஞ்சலுக்குத் தயார்ப் பதில் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. தட்டச்சு செய்யும்போதே வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும் வசதி 2018-இல் வந்தது. முதல் வசதியைச் சோதித்தபோது அது எந்தக் கடிதத்துக்கும் ‘ஐ லவ் யூ’ என்ற பதிலை அடிக்கடி நீட்டியதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்திவிட்டார்கள். ‘தயங்க வேண்டாம்’ என்பதைத் திருத்தத் தோன்றவில்லை, ஏனென்றால் மனிதர்கள் அப்படித்தான் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நாம் யோசிக்காமல் எழுதும் வரிகளை இனி அதுவே எழுதிவிடும். நாம் எழுத வேண்டியது, அதற்குத் தெரியாத வியாழக்கிழமையை, பத்து மணியை, பி என்ற துண்டை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வணிகக் கடிதம் என்ற பாடத்தில் தொடர்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பதை நிறுத்துங்கள். ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். தாமதமான பார்சல், தவறாக வந்த பில், தேர்வுக் கட்டணத்தில் குழப்பம், எதுவானாலும் சரி. ‘ஹெசிடேட்’, ‘ஃபீல் ஃப்ரீ’, ‘நீட்ஃபுல்’ மூன்றையும் தடைசெய்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை, அந்தப் பதிலைப் படித்தவர் மறுபடி கேள்வி கேட்க வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் போடுங்கள்.

மாணவர்களுக்கு: வேலைக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருப்பவர்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். ஐந்தரை மணி வரை துறை நூலகத்தில் இருப்பேன். ஆளுக்கு ஒரு பக்கம், சிவப்புப் பேனா நான் வைத்திருக்கிறேன்.